பக்கவாட்டில் ஓடிய பேனா

பேனாவை மேல்நோக்கி நகர்த்தினால் திரையில் அம்புக்குறி வலப்பக்கம் ஓடும். கீழே இழுத்தால் இடப்பக்கம் போகும். இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டுக் காம்பிராவில், கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, முகத்துக்கு மேலே இரும்புக் குழாயில் பொருத்தியிருந்த கணினிச் சிலேட்டில் அவள் அந்தக் கோணல் பேனாவோடு மல்லுக்கட்டியதைப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஆரம்பத்தில் ஒரு பொத்தானைத் தொடுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். போகப்போக அவள் கை அந்தக் கோணலுக்குப் பழகிக்கொண்டது. மேலே இருக்கும் பொத்தானை எட்டுவதற்குப் பேனாவை யோசிக்காமல் இடப்பக்கம் கொண்டுபோவாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. திருந்த வேண்டியது இயந்திரம், வளைந்துகொடுத்தது அவள் கை. அந்த எரிச்சல் இத்தனை வருடங்கள் கழித்தும் ஆறவில்லை. யார்மேல் அதைக் காட்டுவது என்றும் தெரியவில்லை.

அவளை நாங்கள் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் ஹட்டன் பிரதான வீதியில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், சிறிய சங்கமொன்று நடத்திய கணினி நிலையத்தில் அவளும் நானும் படிப்பித்தோம். வயதில் நான் மூத்தவள், அதனால் அவளுக்கு நான் அக்கா. வேலையில் அவள்தான் என்னை விடக் கெட்டிக்காரி. நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவரை சேர் என்போம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கணித ஆசிரியராக மலைநாட்டுக்கு வந்தவர். பாடசாலை விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிடுவார். எங்களிடம் இருந்தவை எல்லாம் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகள். சேர் அவற்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார். அது இலவசம், பழைய பெட்டியிலும் ஓடும் என்பது ஒரு காரணம். அதை யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், தங்கள் மொழியில் பேச வைக்கலாம் என்பது அவருக்குப் பெரிய காரணம். உலகத்தில் பல குழுக்கள் லினக்ஸைத் தங்களுக்கு ஏற்றபடி தொகுத்து வெளியிட்டு வந்தன. அப்படி ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, அதைத் தமிழாக்கும் தொண்டர்களோடு எங்களையும் சேர்த்துவிட்டார்.

எங்களையும் என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் தமிழாக்கியது மிஸ்தான். ஒரு சொல்லை எடுத்தால் அது எந்தச் சாளரத்தில், எந்தப் பொத்தானில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்காமல் அவள் மொழிபெயர்க்க மாட்டாள். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஓரிடத்தில் 'திற' என்றும் இன்னோரிடத்தில் 'திறந்துள்ளது' என்றும் எழுத வேண்டிவரும். பார்க்காமல் எழுதினால் படிக்கிறவர் தடுமாறுவார் என்பாள். அழித்த கோப்புகள் போய்ச் சேரும் இடத்துக்கு சேர் 'மீள்சுழற்சித் தொட்டி' என்றார். மிஸ் 'குப்பைக்கூடை' என்றாள். "எங்கம்மாகிட்ட மீள்சுழற்சின்னு சொன்னா தல சுத்துதான்னு கேக்கும் சேர்" என்றாள். சேர் சிரித்ததை நான் பார்த்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று. குப்பைக்கூடையே நின்றது. தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்களின் பிள்ளைகள் மாடியில் வந்து உட்கார்ந்து, திரையில் இருந்த தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துப் பொத்தானை அழுத்தும்போது, அந்தச் சொற்கள் இந்த மலையில் பிறந்து வளர்ந்த ஒருத்தியிடமிருந்து வந்தவை என்று அவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், அது அவளுக்குப் போதும்.

ஒரு மழை நாளில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், அவள் ஏறியிருந்த முச்சக்கர வண்டி வளைவில் சறுக்கிப் பள்ளத்துப் பக்கம் புரண்டது. சாரதிக்குக் கீறல் மட்டும். அவளுக்கு முதுகெலும்பில் அடி. நுவரெலியாவிலும் பிறகு கண்டியிலும் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்துவிட்டு வீடு வந்தாள். கை நன்றாக இருந்தது, ஆனால் தோளைப் பக்கவாட்டில் அகட்டித் தூக்கினால் வலி பிடுங்கும். உட்கார முடியாது. உட்கார வைத்தால் சிறிது நேரத்தில் முகம் வெளிறிவிடும். நாங்கள் ஒரு மடிக்கணினியைக் கொண்டுபோய் அவள் வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தோம். விசைப்பலகை தெரிந்தால் திரை தெரியவில்லை, திரை தெரிந்தால் விசைப்பலகைக்குக் கை எட்டவில்லை. தலையணைகளை அடுக்கிப் பார்த்த அவள் அம்மா, கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

அப்போதுதான் சேர் தன் அக்காவின் மகனுக்கு எழுதினார். கனடாவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்த அந்த மருமகன், அங்கே தாதியர் கையில் வைத்துப் பாவித்துக் கழித்த ஒரு கணினிச் சிலேட்டை அனுப்பிவைத்தார். விசைப்பலகை கிடையாது. முழுதும் திரை, அதன்மேல் எழுத ஒரு பேனா. இன்றைக்கு அது யாருக்கும் புதுமை இல்லை. அன்றைக்கு ஹட்டனில் அப்படி ஒன்றைப் பார்த்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். தேயிலை ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் மிஸ்ஸின் அப்பா, பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்துக் கட்டில் சட்டத்தோடு பிடிக்கிற மாதிரி ஒரு தாங்கி செய்துவந்தார். சிலேட்டை அதில் பொருத்தி அவள் முகத்துக்கு மேலே கொண்டுவந்தபோது அவள் பேனாவை எடுத்து, கண்ணாடிமேல் சும்மா ஒரு கோடு போட்டாள். கோடு போட்ட இடத்தில் கோடு விழுந்தது. பிறகு கேட்டாள், "இதுல எப்ப நம்ம தமிழ் லினக்ஸ போடுறோம்?"

சேர் மருமகனிடமிருந்து வந்த பெட்டியை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளும். இது வந்த மாதிரியே, இங்கிலீசிலயே நல்லா வேலை செய்யுது. பேனா நேராப் போகுது. அதை ஏன் அழிக்கவேணும்?"

"அதுல நான் இல்லைங்களே சேர்."

சேர் பெட்டியைக் கீழே வைத்தார். அவர் கடுமையானவர் அல்லர், ஆனால் கணக்கு வாத்தியார். "எங்களட்ட ஆக்கள் இல்லை. அச்செடுக்கேக்க கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகுது. அதையே இன்னும் திருத்தி முடியேல்லை. லினக்ஸ் செய்யிற ஆக்களும் எங்களை மாதிரித்தான், வேலை முடிஞ்சு வந்து செய்யிறவை. வாற வாற புதுச் சாமானுக்குப் பின்னால எல்லாம் ஓடினா, மேசையில இருக்கிறதும் கெட்டுப்போகும்."

"அப்ப மேசை நாக்காலி இருக்கவங்களுக்கு மட்டுந்தானா சேர் இது?" என்றாள் மிஸ். "எங்க லயத்துல யாரு வீட்டுல மேசை இருக்கு?"

அடுப்பங்கரையிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்த அவள் அம்மா, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாதவர் போல இரண்டு கோப்பைகளோடும் நின்றார். "சேர், அது கேக்குறத செஞ்சு குடுத்துருங்களேன். நாள் பூரா கூரையத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்குது" என்றார்.

அந்த வாரமே சேரும் நானும் செய்துகொடுக்கத் தொடங்கினோம். செய்தோம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. லினக்ஸ் ஏறியது, தமிழ் வந்தது, பேனாவைக் கணினிக்கு அறிமுகப்படுத்தவே வாரக்கணக்கானது. பேனா வேலை செய்யத் தொடங்கியபோது இன்னொரு தொல்லை. அகலமாக வைத்த திரையின் இரு ஓரங்களுக்கும் கையைக் கொண்டுபோக அவள் தோள் இடம்கொடுக்கவில்லை. நெடுக்காகத் திருப்பினால் எட்டும். திரையைத் திருப்பினோம். படம் திரும்பியது. பேனா திரும்பவில்லை. திரை நிமிர்ந்து நிற்கிறது என்பது பேனாவுக்குத் தெரியாது. அது பழையபடி படுத்த திரையிலேயே எழுதிக்கொண்டிருந்தது. திரையைத் திருப்புகிற பகுதியை எழுதியவர் ஒருவர், பேனாவைப் பார்த்துக்கொள்ளும் பகுதியை எழுதியவர் இன்னொருவர். இருவரும் ஒரே சாதனத்தைக் கையில் வைத்துப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

தொகுப்பைச் செய்யும் குழுவுக்கு நான் ஆங்கிலத்தில் எழுதினேன். யார், என்ன நிலை, ஏன் நெடுக்காக வேண்டும் என்று எல்லாம் விளக்கி எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. இந்த வகைச் சாதனங்கள் எங்கள் திட்டத்தில் இல்லை, மேசைக் கணினியும் மடிக்கணினியும் நிறுவனங்களின் பெரிய வழங்கிக் கணினிகளும்தான் எங்கள் கவனம், இயலுமானால் வேறு கணினி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர். நிரல் எல்லாருக்கும் திறந்துதானே இருக்கிறது, தேவைப்படுகிறவர்கள் தாங்களே திருத்திக்கொள்ளலாம் என்று இன்னொருவர். இரண்டையும் தமிழில் சொல்லிக்காட்டினேன். மிஸ் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கதவு தெறந்துதான் இருக்குன்னு சொல்றாங்க" என்றாள். "நான் எந்திரிச்சில்ல போகணும்."

அதன் பிறகுதான் அவள் கோணலைப் படித்தாள். வேறு வழியில்லை. திரையில் விரித்துக்கொள்ளும் ஒரு தமிழ் விசைப்பலகையை நான் ஒப்பேற்றிக் கொடுத்தேன். ககரத்தைத் தொட வேண்டுமானால் வேறெங்கோ பேனாவை வைக்க வேண்டும். வைத்தாள். வெயில் காலத்தில் தகரக் கூரை கொதிக்கும்போதும், மழைக்காலத்தில் பேச்சே கேட்காதபடி அது அதிரும்போதும், அந்தக் காம்பிராவில் பேனா பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காம்பிராப் பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில் எட்டிப் பார்ப்பார்கள். "என்னா புள்ள, இன்னமும் அது சொன்ன பேச்சு கேக்கலையா?" என்று விசாரிப்பார்கள். அப்படி இருந்துகொண்டே கடிதம் எழுதும் செயலியில் மீதமிருந்த அத்தனையையும், புதிதாக வந்த படம் வரையும் செயலியையும் முழுதாகத் தமிழாக்கினாள். நிலையத்துக்கு நான் கொண்டுபோன அவளுடைய கோப்புகளில் சேர் பிழை தேடுவார், கிடைக்காது. ஒருநாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இந்தப் பிள்ளைக்குப் பேனா நேராப் போனா என்ன செய்யும்?" என்றார். அந்தக் கேள்வி எனக்கானது அல்ல.

தொகுப்பின் அடுத்த பதிப்பு வெளியானது. அவளுடைய சொற்கள் அத்தனையும் அதில் சேர்ந்திருந்தன. எங்கள் மெதுவான தொலைபேசி இணைப்பில் அதை இறக்கி முடிப்பதற்குள் சேரின் பொறுமை போய்விட்டது, ஆனாலும் அவரைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். லயத்துக்குப் போகும் வழியில் பஸ் தலவாக்கலையில் நெடுநேரம் நின்றபோது, அதைப் பதிந்தெடுத்த குறுவட்டு மழையில் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மிஸ்ஸின் அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றார். புதிய பதிப்பை ஏற்றி முடித்துத் திரையை அவளுக்கு மேலே நகர்த்தினோம். அவள் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா கட்டிலருகே குனிந்து, "இது நீ எழுதுனதா? இதுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மிஸ் தலையாட்டிக்கொண்டே பேனாவை எடுத்துத் திரையில் வைத்தாள். அம்புக்குறி அசையவில்லை. அழுத்தி வைத்தாள். அசையவில்லை. நேராகவும் போகவில்லை, பக்கவாட்டிலும் போகவில்லை. புதிய பதிப்பில் அந்தப் பேனாவுக்கு உயிரே இல்லை.

அவளுடைய தமிழ் நிறைந்திருந்த பதிப்பு அவள் கைக்கு எட்டாத பதிப்பாகிப் போனது. பழையதை மறுபடி போட்டுக்கொடுக்கலாம் என்றேன். புதுச் செயலிகளின் சாளரங்கள் பழையதில் திறக்காது, பார்க்காமல் அவள் மொழிபெயர்க்கவும் மாட்டாள். மேசைதான் முக்கியம் என்று சொல்லிவந்த சேர், அன்றிலிருந்து மேசையைக் கைவிட்டவர் போல அந்தச் சிலேட்டோடு இருந்தார். பாடசாலை விட்டதும் நிலையத்துக்கு வராமல் நேரே பஸ் ஏறி லயத்துக்குப் போனார். குழுவுக்கு ஓர் இலக்கணப் பிழைகூட இல்லாத ஆங்கிலத்தில், அவரிடமிருந்து நான் எதிர்பார்க்காத கோபத்தோடு எழுதினார். வந்த பதிலிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பகுதியைக் கவனித்துவந்தவர் விலகிவிட்டார், யாராவது ஏற்றுக்கொண்டால் மகிழ்வோம் என்று எழுதியிருந்தார்கள். இதுதான் என்னை இன்றும் வதைக்கிறது. கெட்டவர் என்று கைகாட்ட ஒருவர் இருந்திருந்தால் திட்டிவிட்டு ஓய்ந்திருப்பேன். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் சம்பளமில்லாமல் உழைக்கிறவர்கள், எல்லாரும் மன்னிப்புக் கேட்கிறவர்கள். அவர்கள் எல்லாருக்கும் நடுவில் ஒரு பேனா செத்துக் கிடந்தது.

கடைசியில் சேரே அதைச் செய்தார். மருமகனிடம் கேட்டு வாங்கி, சிலேட்டு முதலில் எந்த ஆங்கில மென்பொருளோடு வந்ததோ அதையே திரும்ப ஏற்றினார். பேனா உடனே வேலை செய்தது. திரையைத் திருப்பினால் பேனாவும் திரும்பியது. நாங்கள் மாதக்கணக்காகக் கெஞ்சிய எல்லாவற்றையும், எங்களைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாத ஒன்று, கேட்காமலே செய்தது. எங்கே பார்த்தாலும் ஆங்கிலம்.

மிஸ் பேனாவை எடுத்தாள். மேலே இருந்த ஒரு பொத்தானைத் தொடப் போனாள். கை இடப்பக்கம் போனது. அம்புக்குறியும் கையோடு இடப்பக்கம் போனது. நிறுத்திவிட்டு மறுபடி முயன்றாள். மறுபடியும் இடப்பக்கம். அவள் முகத்தில் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அது வேறு மாதிரி ஆனது.

"நேரா போறது இப்ப எனக்கு வர மாட்டேங்குது அக்கா" என்றாள்.

சேர் எழுந்து வாசலுக்குப் போய், மழையே இல்லாத வெளியில் குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

கை மெல்ல நேருக்குத் திரும்பியது. அந்தச் சிலேட்டில் அவள் பாட்டுக் கேட்டாள், கனடா மருமகனுக்கு ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுதினாள், பிறகு லயத்துப் பிள்ளைகளைக் கட்டிலைச் சுற்றி உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். மொழிபெயர்ப்பைத் தொடவில்லை. நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அவள் விட்ட இடத்தை நிரப்பப் பிறகு வந்தவர்கள் தாங்கள் பார்க்காத சாளரங்களுக்குத் தமிழ் எழுதினார்கள், அது இன்றும் திரைகளில் அப்படியே தடுமாறுகிறது. யுத்தம் முடிந்த பிறகு சேர் ஊருக்கு மாற்றலாகிப் போனார். விடைபெற வந்த அன்று என்னிடம் சொன்னார்: "நான் சொன்னது பிழையெண்டு இப்பவும் நினைக்கேல்லை, பிள்ளை. ஆனா அந்தக் காம்பிராவுக்குள்ள நிண்டு அதைச் சொன்னது பிழை." நானும் அவர் வாதத்தில் பிழை கண்டதில்லை. ஆட்கள் குறைவு, வேலை அதிகம், ஒன்றையாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சரியான கணக்கில் முதலில் வெட்டுப்படுகிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்களாக இருக்கிறார்களே, அது ஏன் என்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது கொழுந்து மலையில் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும் பெண்கள் எல்லார் கையிலும் தொடுதிரைக் கைபேசி இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான் என்று சொன்னால் சேர் என்ன சொல்வாரோ. லினக்ஸ் கடைசியில் லயத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் பிரித்துப் பார்க்க விடாதபடி பூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. குப்பைக்கூடை என்ற ஒரு சொல்லைக்கூட நாங்கள் அதில் மாற்ற முடியாது. நாங்கள் மாற்றக்கூடிய லினக்ஸோ இன்னும் மேசையை விட்டு இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அண்மையில் ஒரு தொகுப்புக்காரர்களின் இணையப் பக்கத்தில் மீண்டும் அதே விவாதத்தைக் கண்டேன். சிலேட்டுகளையும் கைபேசிகளையும் நாம் ஆதரிக்க வேண்டுமா? இளைஞர் ஒருவர் நியாயமாகவே கேட்டிருந்தார்: இத்தனை உழைப்பைப் போட்டால் எத்தனை பேர் பயன்படுத்தப் போகிறார்கள்?

நான் பதில் எழுதத் தொடங்கினேன். எழுதியதை அழித்தேன். திரும்ப எழுதினேன். கோபம் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. கடைசியில் மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். இப்போது முதுகுக்குப் பட்டி கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்கிறாள். பின்னால் பிள்ளைகள் ஏதோ வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவள் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.

"எத்தன பேருன்னா கேட்டிருக்காங்க?"

"ஆமா."

"எம் பேர எழுதிவிடுங்க அக்கா."

விளையாட்டாகத்தான் சொன்னாளா என்று கேட்பதற்குள் பிள்ளைகளிடம் திரும்பிவிட்டாள். எழுதி வைத்திருந்த நீண்ட பதிலை முழுதாக அழித்தேன். ஆங்கிலம் நிறைந்த அந்தப் பக்கத்தில், அந்தக் கேள்விக்கு நேர் கீழே, இந்தக் குறிப்பில் நான் எங்குமே சொல்லாத அவளுடைய பெயரைத் தமிழில் எழுதினேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. மறுநாள் அந்த இளைஞர், இது என்ன என்று கேட்டிருந்தார். உங்கள் கேள்விக்குப் பதில் என்று எழுதினேன்.